துண்டு விழுந்த வெளிச்சம்

ஜவ்வாது மலையில், காவலூரில், 1986 முதல் நிற்கிறது 2.34 மீட்டர் ஆடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி. ஊரில் யாரிடம் அதைப் பற்றிச் சொன்னாலும் ஒரே கேள்விதான்: "அதுல எவ்ளோ தூரம் தெரியும்?" தூரம் இல்லை, எவ்வளவு மங்கலானது வரை தெரியும் என்பதுதான் கணக்கு.

அதை அளக்கும் விதம் கேட்டால் சப்பென்று இருக்கும். ஆர்லோ லாண்டோல்ட் என்பவர் வருஷக்கணக்கில் உட்கார்ந்து சில நட்சத்திரங்களின் ஒளியை அளந்து பட்டியல் போட்டிருக்கிறார். அதில் ஒன்றைப் பார்த்து, வரவேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று எண்ண வேண்டும். 15ஆம் மேக்னிட்யூட் நட்சத்திரம் என்றால், பச்சையும் மஞ்சளுமான ஒளியில் மட்டும் நொடிக்குச் சுமார் 40,000 ஒளித்துகள்கள் இந்த ஆடிக்குச் சேரவேண்டியவை. காற்று கொஞ்சம் தின்னும். அலுமினியப் பூச்சு, வடிகட்டி, சிசிடி எல்லாம் தங்கள் பங்கை எடுக்கும். பிடித்தம் போக வரும் சம்பளம் மாதிரி, மிச்சம்தான் நமக்கு.

என் ஆய்வுக்குக் கிடைத்தது மூன்றே இரவுகள். முதல் இரவு, நட்சத்திரம் உச்சியில் இருந்தபோது ஒரே ஒரு தடவை எடுத்தேன். பழைய கணக்கைவிடக் கால்வாசி குறைவு. பதிவேட்டில் தைரியமாக எழுதினேன்: 'ஆடியில் தூசி.'

மறுநாள் மாலை அதைப் படித்த இரவு உதவியாளர் அண்ணன் சிரிக்கவில்லை. "தம்பி, கண்ணாடிய அப்புறம் திட்டலாம். அதே நட்சத்திரத்த உச்சியில இருக்கும்போது எடு, சாயச்சாய எடு."

உச்சியிலிருந்து 60 பாகை சாய்ந்தால் அதன் ஒளி இரண்டு மடங்கு காற்றைக் கடந்து வரவேண்டும். அதற்கேற்ப மங்கும் புள்ளிகள் ஒரு நேர்க்கோட்டில் விழ வேண்டும். கோட்டைக் காற்றே இல்லாத இடம் வரை பின்னால் நீட்டினால் வருவதுதான் தொலைநோக்கியின் சொந்தக் கணக்கு. என் புள்ளிகளோ தாறுமாறாகக் கிடந்தன.

மூன்று மணிக்கு வெளியே கூப்பிட்டார். வானம் முழுக்க நட்சத்திரம். தேய்பிறை நிலாவைச் சுற்றி மட்டும் பெரிய வெளிர் வட்டம்.

"கோட்டை கட்டியிருக்கு பாரு. மெல்லிசு மேகம்."

மூன்றாம் இரவு தெளிவு. ஐந்து புள்ளிகளும் கோட்டில் உட்கார்ந்தன. நீட்டிப் பார்த்தால் பழைய கணக்குக்குப் பக்கத்தில் வந்தது. பதிவேட்டில் தூசி வரியை அடித்தேன். முதல் இரவிலும் மேகம் இருந்ததா என்று வழிகாட்டி கேட்டார். காட்டுவதற்கு என்னிடம் ஒரே ஒரு புள்ளிதான் இருந்தது.