நான்கு மில்லிமீட்டர்

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியில் மூன்று தலைமுறைகளாக வாழ்ந்துவரும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் பரணிலிருந்து, 2024-இல் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது ஒரு மின் கிதார் இறக்கப்பட்டது. ரெக்சின் உறை கிழிந்திருந்தது. தந்திகள் துருவேறியிருந்தன. 37 ஆண்டுகளாக எவர் கையும் படாத கருவி அது. அதன் உரிமையாளர் 55 வயதான ஒரு வங்கி அலுவலர். அதை உறையிலிருந்து வெளியே எடுக்க அவருக்கு விருப்பமில்லை. கல்லூரியில் படிக்கும் மகள்தான் எடுத்துத் துடைத்தாள்.

1986-இல், 17 வயதில், லால்பஜாரில் வரிசையாக நிற்கும் இசைக்கருவிக் கடைகளுள் ஒன்றில் 1,100 ரூபாய் கொடுத்து அதை அவர் வாங்கியிருந்தார். அது அவர் தந்தையின் ஒரு மாதச் சம்பளத்தில் ஏறத்தாழப் பாதி. பதினான்கு மாதங்கள் விடாது பயின்றார். விரல் நுனிகள் கன்றிக் காய்த்தன. ஆயினும், ஆறு தந்திகளையும் ஆட்காட்டி விரலால் ஒருசேர அழுத்தி எழுப்பவேண்டிய எஃப் மேஜர் கார்டு ஒருநாளும் தெளிவாக ஒலிக்கவில்லை. கழுத்தின் கீழ்ப்பகுதிக்கு விரல்கள் இறங்கினால் எந்தச் சுரமும் மற்றொன்றோடு இணங்கவில்லை. அவருடைய தாயார் வீணை பயின்றவர். அடுக்களையில் இருந்தபடியே, "சுருதி சேரலையேடா" என்பார்.

சுருதி சேரவில்லை என்பது உண்மை. அதற்கான காரணத்தைத் தாயும் மகனும் ஒரே இடத்தில் தேடினர்: மகனின் காதில். 1987-இல் கிதார் பரணேறியது. அதன்பின், "எனக்கு இசைக் காது கிடையாது" என்பதை அவர் தம் இரத்த வகையைச் சொல்வதுபோல, வருத்தமும் ஐயமும் இன்றிச் சொல்லி வந்தார்.

மகளிடம் வேறொரு கிதார் இருந்தது. இந்தோனேசியாவில் செய்யப்பட்டது; 18,000 ரூபாய். தந்தையின் இன்றைய சம்பளத்தில் அது மிகச் சிறிய பங்கு. அவள் பழைய கருவிக்குப் புதிய தந்திகளைக் கட்டி, கைப்பேசியிலுள்ள சுருதி அளக்கும் செயலியைத் திறந்தாள். தந்திகளை அழுத்தாமல் மீட்டியபோது முள் நடுவில் நின்றது. பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி மீட்டினாள். ஒரு ஸ்தாயி மேலே, அதே சுரம் ஒலிக்க வேண்டும். முள் இடப்புறம் சாய்ந்தது. ஆறு தந்திகளிலும் அப்படியே. குதிரையின் திருகுகளை இறுதிவரை முடுக்கியும் பயனில்லை. பிறகு அவள் அளவுகோலை எடுத்தாள்.

மெட்டுள்ள ஒரு கருவியில் எல்லாமே நீளத்தின் கணக்கு. மேல்முனைக் கட்டையிலிருந்து குதிரைவரை தந்தியின் நீளம் 648 மில்லிமீட்டர் என்றால், பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியில், 324-இல் அமைய வேண்டும். விரல் அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுருதி ஏறும் என்பதால், அதை ஈடுசெய்யக் குதிரையைச் சற்றே பின்தள்ளி வைப்பர். அந்த ஈட்டையும் கழித்துப் பார்த்தபோது, பழைய கிதாரின் குதிரை இருக்கவேண்டிய இடத்திலிருந்து 4 மில்லிமீட்டர் தள்ளி அறையப்பட்டிருந்தது. அரைச்சுரத்தில் பத்தில் ஒரு பங்கு பிழை அது. தனிச்சுரமாகக் கேட்டால் பலருக்குத் தெரியாது. மூன்று நான்கு சுரங்கள் சேர்ந்தொலிக்கும் கார்டில் அது கசப்பாகவே ஒலிக்கும்.

மற்றொரு பிழையும் இருந்தது. மேல்முனைக் கட்டையின் பள்ளங்கள் போதிய ஆழம் அறுக்கப்படவில்லை. அதனால் முதல் மெட்டில் தந்தி மிக உயரத்தில் நின்றது. அங்கே அழுத்த இருமடங்கு வலிமை வேண்டும். அழுத்தினாலும் தந்தி இழுபட்டுச் சுருதி ஏறிவிடும். ஆக, கழுத்தின் ஒரு முனையில் சுருதி ஏறியது, மறுமுனையில் இறங்கியது. ஒன்றை ஒட்டிச் சேர்த்தால் மற்றொன்று விலகும். எந்தக் காதும் எந்த விரலும் இதைச் சமன்செய்ய இயலாது.

வீணைக்கு இந்த இடர் வேறு வகையானது. அதன் 24 மெட்டுகளும் மெழுகில் பதிக்கப்படுகின்றன. மெழுகு தளர்ந்து சுரம் விலகினால், கைதேர்ந்தவர் ஒருவர் வந்து செவியால் கேட்டுக் கேட்டு மீண்டும் பதித்துத் தருவார். கருவி பிழைபடும், அதைத் திருத்தலாம் என்பது வீணை மரபின் அன்றாட அறிவு. கிதாரின் உலோக மெட்டுகளோ மரத்தில் அறுத்த பள்ளங்களில் அடித்து இறுக்கப்பட்டவை. அது ஆலையிலிருந்து முழுமையாக வந்த பொருளாகத் தோன்றியது. வீணையின் மெட்டை ஐயுறத் தெரிந்த அந்தத் தாயாருக்கு, கிதாரின் குதிரையை ஐயுறத் தோன்றவில்லை.

மின் கிதாரின் வரலாற்றில் 'மலிவு' என்ற சொல் நெடுங்காலம் இத்தகைய பிழைகளையும் சேர்த்தே குறித்தது. வானொலி பழுதுபார்ப்பவராக இருந்த லியோ ஃபெண்டர், கழுத்தை உடலோடு திருகாணிகளால் பூட்டும் எளிய அமைப்பைக் கொண்டுவந்து கிதாரை ஆலைப் பொருளாக்கினார். அப்படியிருந்தும் அவருடைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954-இல் வெளிவந்தபோது விலை 249.50 டாலர், இன்றைய மதிப்பில் 2,500 டாலருக்கும் மேல். எளியவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாய்த்தவை வேறு. அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனம், டேன்எலக்ட்ரோ ஆலையில் அழுத்திய மரநார்ப் பலகையால் செய்த கிதார்களை சில்வர்டோன் என்ற பெயரில் அஞ்சல்வழி விற்றது. ஜப்பானிலிருந்து டெய்ஸ்கோ கிதார்கள் கப்பலேறின. அவற்றுள் சில இனிமையாகவே ஒலித்தன. ஆயின் ஒரே வகையில் அடுத்தடுத்துச் செய்த இரண்டு கருவிகள் ஒன்றுபோல் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. வாங்குவது ஏறத்தாழக் குலுக்கல் சீட்டு.

இதற்கு மறுப்பாக ஒரு வாதம் எப்போதும் முன்வைக்கப்படும்: மேதைகள் மலிவுக் கருவியில்தானே வளர்ந்தனர்? ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் முதல் மின் கிதார், 1959-இல் தந்தை வாங்கித்தந்த மலிவான சுப்ரோ. சிகாகோவின் ஹவுண்ட் டாக் டெய்லர் விலைகுறைந்த ஜப்பானியக் கிதார்களிலேயே புகழ்பெற்றார். இவ்வாதம் பாதி உண்மை. டெய்லர், தந்திகளின்மேல் உலோகக் குழாயை நழுவவிட்டு வாசித்தவர். அம்முறையில் சுரத்தை நிர்ணயிப்பது குழாய் நிற்கும் இடம். மெட்டு எங்கிருந்தாலும் கவலையில்லை, தந்தி உயர்ந்திருந்தால் நன்றுங்கூட. பிறரைப் பொறுத்தவரை, வென்றவர்களின் கணக்கு மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. அதே விலைக் கருவியோடு ஓராண்டு போராடி, பிழை தம்முடையதே என்று நம்பி, பரணில் ஏற்றிவைத்தவர்களுக்கு வாழ்க்கை வரலாறு கிடையாது.

இந்நிலை மாறத் தொடங்கியது 1970-களின் ஜப்பானில். அமெரிக்கக் கிதார்களை அச்சு அசலாகப் படியெடுத்த அங்குள்ள ஆலைகள், மூலத்தோடு போட்டியிடும் தரத்தை எட்டின. 1977-இல் கிப்சனின் தாய்நிறுவனமான நார்லின், ஐபனெஸ் கிதார்களை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் நிறுவனத்தின்மீது, கிதாரின் தலைவடிவைப் படியெடுத்ததாக வழக்குத் தொடுத்தது. அது நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்தது. ஃபெண்டர் வேறு வழி தேர்ந்தது. 1982-இல் ஜப்பானியக் கூட்டாளிகளோடு சேர்ந்து, மட்சுமோட்டோ நகரின் ஃபுஜிஜென் ஆலையில் தன் வடிவங்களைத் தானே குறைந்த விலையில் செய்வித்து, ஸ்குயர் என்ற பெயரில் விற்றது. போலியை விரட்ட, மலிவுக் கருவியை நன்றாகச் செய்வதே வழி என்றாயிற்று. யென் மதிப்பு ஏறியபோது உற்பத்தி கொரியாவுக்கும், பின்னர் சீனத்துக்கும் இந்தோனேசியாவுக்கும் நகர்ந்தது.

அடுத்த மாற்றம் சி.என்.சி. எனப்படும், கணினி இயக்கும் வெட்டுப்பொறியால் விளைந்தது. கழுத்து பொருந்தும் குழியும், மெட்டுப் பள்ளங்களும், குதிரையின் துளைகளும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் நுண்ணிய துல்லியத்தோடு அமையலாயின. விலையுயர்ந்த கிதாருக்கும் மலிவுக் கிதாருக்கும் அதே வகைப் பொறி. ஆயிரமாவது கருவியிலும் அதே அளவு. அளக்கும் செலவு அற்றுப்போனதும், துல்லியம் செல்வர்களின் உடைமையாக இருப்பது நின்றது.

இன்றைய மலிவுக் கிதாரில் குறைகள் இல்லாமலில்லை. முறுக்காணிகள் சில நெகிழ்கின்றன. மெட்டுகளின் ஓரம் சிலவற்றில் கையைக் கீறுகிறது. காந்தச் சுருளில் ஆல்நிகோவுக்கு மாற்றாக விலைகுறைந்த பீங்கான் காந்தம். விரற்பலகையில் ஈட்டி மரத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் வேறு மரங்கள். அவற்றுள் ஒன்று, 'இந்தியன் லாரல்' என்ற வணிகப் பெயருடைய கருமருது. எனினும் சேமிப்பு எங்கே நிகழ்கிறது என்பதே கருதத்தக்கது. பின்னாளில் மாற்றிக்கொள்ளக்கூடிய உறுப்புகளில் அது நிகழ்கிறது. சுருதியின் அடிப்படைக் கணக்கில் நிகழ்வதில்லை.

இந்த விலைக்குறைவைச் சுமந்த தோள்களும் உண்டு. பல நிறுவனங்களுக்குக் கிதார் செய்துதந்த தென் கொரியாவின் கோர்ட் நிறுவனம், இந்தோனேசியாவில் ஆலை அமைத்தபின், 2007-இல் தாய்நாட்டுத் தொழிலாளர்களைப் பணிநீக்கம் செய்து ஆலைகளை மூடியது. அவர்களின் போராட்டம் 2019-இல்தான் உடன்பாட்டில் முடிந்தது. கருவியைச் செய்யும் கையின் திறன் பொறிக்குள் இடம்பெயர்ந்தபோது, அந்தக் கையும் வேலை இழந்தது. நல்ல மலிவுக் கிதாரைக் கொண்டாடும்போது இதையும் சேர்த்தே எண்ணுவது நேர்மை.

இந்தியாவுக்கு இம்மாற்றம் காலந்தாழ்ந்து வந்தது. 1991-க்கு முன் இறக்குமதி உரிமமும் சுங்க வரியும் அயல்நாட்டுக் கருவிகளை எட்டாக்கனியாக்கின. உள்நாட்டுப் பட்டறைகளுக்குப் போட்டியும் இல்லை; ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு கிதாரும் இல்லை. 1986-இல் அந்தப் பதினேழு வயதுப் பையன் தன் கிதாரை ஒரு நல்ல கிதாரின் அருகில் வைத்துப் பார்த்திருந்தால், ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்திருக்கும்.

நல்ல மலிவுக் கருவி எவரையும் கலைஞராக்குவதில்லை. கற்பவருக்கு அது தருவது ஒரு தெளிவு: பிழை கேட்டால், அது தன் பிழை, பயின்றால் நீங்கும். கெட்ட கருவி அந்த நம்பிக்கையைத்தான் முதலில் பறிக்கிறது. தனக்கே உரிய குறையைக் கற்பவரின் இயல்பாக அவருக்குள் எழுதிவிடுகிறது.

மகளின் வற்புறுத்தலால் அந்தப் பழைய கிதார் மீண்டும் லால்பஜாருக்குப் போயிற்று. பழுதுபார்க்கும் முதியவர் குதிரையைக் கழற்றி, பழைய துளைகளை மரக்குச்சியும் பசையும் இட்டு அடைத்து, ஓர் இரவு காயவிட்டார். மறுநாள் 4 மில்லிமீட்டர் முன்னே புதிய துளைகள் இட்டார். மேல்முனைப் பள்ளங்களை அரத்தால் ஆழமாக்கினார். காத்திருந்த நேரம் நீங்கலாக, அரை மணி நேர வேலை. 600 ரூபாய் கேட்டார்.

கடையிலேயே, முக்காலியில் அமர்ந்து, வங்கி அலுவலர் எஃப் மேஜரை அழுத்தினார். விரல்களுக்கு இடம் நினைவிருந்தது. ஆறு தந்திகளும் ஒலித்தன. அவர் இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார். பிறகு முதியவரிடம் வங்காளியில், 1986-இலேயே இதைச் சரிசெய்திருக்க முடியுமா என்று கேட்டார்.

"கொண்டுவந்திருந்தால்," என்றார் அவர், அரத்தைத் துடைத்தபடி. "நான் அப்போதும் இங்கேதான் இருந்தேன்."