27 எப்படி 41 ஆனது?

ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில், ஆண்டு முழுவதும் நூலகத்தில் அதிக நூல்களை இரவல் பெற்ற மாணவிக்குப் பரிசு வழங்குவது எங்கள் கல்லூரி வழக்கம. சென்ற முறை அந்தப் பட்டியலைக் கணினியிலிருந்து எடுத்துத் தரும் பொறுப்பு, தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் என்னிடம் வந்தது.

எங்கள் நூலகத் தரவுத்தளத்தில் மாணவிகள், நூல்கள், எழுத்தாளர்கள், இரவல்கள் எனத் தனித்தனி அட்டவணைகள் உள்ளன. அவற்றை இணைத்துக் காட்டும் 'வியூ' ஒன்றை முன்பு இங்கு படித்த ராத்தா ஒருவர் அமைத்திருந்தார். பார்வைக்கு அதுவும் ஓர் அட்டவணைதான். ஆனால் சாதாரண வியூவுக்குள் தரவு எதுவும் இல்லை. சேமித்து வைத்த வினவல் மட்டுமே இருக்கிறது. திறக்கும் ஒவ்வொரு முறையும் மூல அட்டவணைகளிலிருந்து நிரைகளை எடுத்து வந்து காட்டும். அந்த வியூவை மாணவி வாரியாக 'குரூப் பை' செய்து எண்ணும்படி பழைய குறிப்பொன்று சொன்னது. எண்ணினேன்.

முதலிடத்தில் தரம் 9 மாணவி, 41 நூல்கள். பட்டியலைப் பார்த்த நூலக டீச்சரின் விரல் வெகு கீழே, தரம் 7 பிள்ளை ஒருத்தியின் பெயரில் நின்றது.

"இந்தப் பிள்ளை ஒவ்வொரு இடைவேளைக்கும் வாறவ. 12 தானா மகள்?"

இருவரின் இரவல் அட்டைகளையும் எடுத்துப் பார்த்தோம். தரம் 9 மாணவி பெற்றவை 27. தரம் 7 தங்கச்சி பெற்றவை 29!

குழுவாக்காமல் வியூவின் நிரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் விடயம் புரிந்தது. இருவர் சேர்ந்து எழுதிய நூல், எழுத்தாளர் அட்டவணையுடன் இணையும்போது இரண்டு நிரைகளாகிறது. தரம் 9 மாணவி எடுத்தவற்றில் 10 நூல்களுக்கு இரண்டு எழுத்தாளர்கள். 2 நூல்களுக்கு மூன்று எழுத்தாளர்கள். அதனால் 14 நிரைகள் கூடிவிட்டன. தங்கச்சி எடுத்தவற்றிலோ 17 நூல்கள் எழுத்தாளர் பெயர் பதியப்படாத நாடோடிக் கதைகள். இணைப்பதற்கு எதிர்ப்பக்கத்தில் நிரை இல்லாததால் அவை வியூவுக்குள் வரவேயில்லை. கணினி நிரைகளைச் சரியாகத்தான் எண்ணியது. நாங்கள் கேட்டதோ நூல்களை.

ராத்தாவையும் நான் குறை சொல்லமாட்டேன். எழுத்தாளர் பெயரால் நூல் தேடுவதற்காக அவர் செய்த வியூ அது; அந்த வேலைக்கு இன்றும் நன்றாகவே உதவுகிறது. எண்ணுவதற்கு அதைக் கைகாட்டிய குறிப்புத்தான் பொருத்தமற்றது. 'டிஸ்டிங்ட்' சேர்த்து இரவல் இலக்கங்களை எண்ணினால் இரட்டிப்பு நீங்கும். ஆனால் காணாமற்போன 17 திரும்பி வராது. ஆகவே வியூவை விட்டுவிட்டு, இரவல்கள் அட்டவணையையே நேரடியாகக் குழுவாக்கினேன். 29, 27 என்று அட்டைகளில் உள்ளபடியே வந்தது.

தரம் 9 மாணவிக்கு முதலிடம் என்ற கதை அதற்குள் வகுப்புகளில் பரவியிருந்தது. டீச்சர் அவளை அழைத்து இரு அட்டைகளையும் காட்டினார். முகம் சற்று வாடினாலும், "அவ என்னைவிட 2 புத்தகம் கூடத்தான் டீச்சர்" என்றாள்.

பழைய குறிப்பை நீக்கி, 'நூல் தேடுவதற்கு மட்டும்' என்று வியூவின் மேல் எழுதி வைத்தோம். அந்த 17 நூல்களுக்கும் எழுத்தாளர் பெயரைப் பதியும் வேலை மட்டும் இன்னும் நிற்கிறது. நாடோடிக் கதைக்கு யாருடைய பெயரை எழுதுவது?