ஓரடிக்குள் ஒரு சிலை

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு முன்னால் நிற்பவர்களில் பெரும்பாலோர் யானைகளைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். யானைத் தந்தத்துக்குக் கீழே கை தூக்கித் தவம் செய்யும் பூனையையும், அதை நம்பி நிற்கும் எலிகளையும் தேடிப் பார்ப்பவர்கள் குறைவு. யானைக்குக் காட்டிய அக்கறையில் எள்ளளவும் குறைக்காமல் அந்தப் பூனையையும் செதுக்கியிருக்கிறான் பல்லவச் சிற்பி. பட்டறைகளில் வேலை பார்க்கும் இளைஞர்களுக்காக இந்த ஊர் ஸ்தபதிகள் சிலர் சேர்ந்து சிறு சிலைப் போட்டி வைத்தார்கள். சின்ன உருவத்துக்கு அந்த அக்கறை இன்றும் இருக்கிறதா என்று பார்க்கவே போயிருந்தேன்.

போட்டியின் விதிப்படி, பீடம் நீங்கலாக உருவம் ஓரடிக்குள் இருக்க வேண்டும். ஒரே கல். கல்லை அறுத்துத் தருவதோடு மெஷின் வேலை முடிந்தது. உருவம் உளியால்தான் வர வேண்டும். எண்ணெய் பூசக் கூடாது. எதைச் செய்வது என்பது அவரவர் விருப்பம். சிட்னியில் உல்லாரா நகராட்சி 2001 முதல் நடத்திவரும் சிறு சிற்பப் போட்டியிலும் அளவுக்கு வரம்பு உண்டு, எந்தப் பக்கமும் 80 செ.மீ. தாண்டக் கூடாது. அங்கே எந்தப் பொருளிலும் செய்யலாம். இங்கே கருங்கல்லைத் தவிர வேறில்லை.

கருங்கல்லில் ஓரடி எவ்வளவு கடினம் என்பதைக் கணக்குப் போட்டால் புரியும். நின்ற கோலப் பெருமாளை உத்தம தசதாளம் என்ற சிற்ப அளவுமுறையில் செய்தால் உச்சி முதல் உள்ளங்கால் வரை 124 பாகம். ஆறடிச் சிலையில் ஒரு பாகம் ஏறத்தாழ 15 மி.மீ. ஓரடியில் அது 2.5 மி.மீ.தான். ஒரு பாகத்தை எட்டு யவமாகப் பிரிப்பது சிற்ப மரபு. அப்படியானால் ஒரு யவம், ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. உளி அந்த அளவு தவறினாலே கண்ணிமை போய்விடும். பெரிய சிலையில் ஒரு பொளி ஆழமாக விழுந்தால் சுற்றிலும் இழைத்துச் சமாளிக்கலாம். சின்னதில் இழைக்க இடம் ஏது?

நடுவர்கள் மூவர். இருவர் ஸ்தபதிகள், ஒருவர் ஓவிய ஆசிரியர். மூத்த ஸ்தபதி முதலில் முகங்களைப் பார்க்கவில்லை. எல்லாச் சிலைகளையும் முதுகுப்புறமாகத் திருப்பி வைக்கச் சொன்னார். கடைக்குச் செய்து பழகிய கை பின்பக்கத்தில் அசந்துவிடும் என்றார். பிறகு செல்போன் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். நேர் வெளிச்சத்தில் வழுவழுவென்று தெரிந்த தோள்கள் மேடும் பள்ளமுமாகத் தெரிய ஆரம்பித்தன. அடுத்து ஒவ்வொரு சிலை மீதும் தண்ணீர். கல் காயும்போது விரிசல் மட்டும் ஈரக் கோடாக நிற்கும்.

அப்படித்தான் ஒரு பெருமாள் மாட்டிக்கொண்டார். குறை சொல்ல முடியாத சிலை. அபய கரத்தில் சுண்டுவிரல் மட்டும் வேறு நிறத்தில் காய்ந்தது. உடைந்த விரலைப் பசையும் கல்பொடியும் குழைத்து ஒட்டியிருந்தார்கள்.

"ஏன் தம்பி ஒட்டின?"

"முடிக்கிற நேரத்துல உடைஞ்சிடுச்சுங்கய்யா. விட மனசு வரல."

"முதல்லயே சொல்லியிருந்தா மார்க்குதான் குறைஞ்சிருக்கும். மறைச்சதால சிலையே வெளிய போகுது."

அந்தப் பையனின் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் தீர்ப்பு சரிதான். ஒட்டு மறைத்த சிலைக்குப் பரிசு கொடுத்தால் அடுத்த முறை எல்லோரும் பசை டப்பாவோடு வருவார்கள்.

முதல் பரிசு ஒரு மீன்காரம்மாவுக்குப் போனது. குத்துக்காலிட்டு, அரிவாள்மனையை மிதித்தபடி மீன் அரியும் உருவம். சாஸ்திரத்தில் அவளுக்குத் தாளக் கணக்கு கிடையாது. முழங்காலுக்கும் கைக்கும் நடுவே இடைவெளியைக் குடைந்து எடுத்திருந்தார் அதைச் செதுக்கிய இளைஞர். என் சுண்டுவிரல் அதில் நுழையவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிய இடத்தில் மட்டும் பொளித் தடங்களை இழைக்காமல் விட்டிருந்தார். துணியின் சொரசொரப்பு அப்படியே வந்திருந்தது. ஓவிய ஆசிரியர் உடனே தலையசைத்தார். மூத்த ஸ்தபதி கடைசிவரை ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, "எடை எந்தக் கால்ல இருக்குன்னு தெரியுது பாருங்க" என்றார். மரபு தெரிந்தவர் மரபுக்கு வெளியே உள்ள வேலையையும் எடைபோட முடியும் என்பதற்கு அந்த ஒரு வாக்கியம் போதும். நடுவர் குழுவில் உளி பிடித்தவர்கள் கட்டாயம் இருக்க வேண்டும் என்று நான் வாதாடுவது இதனால்தான்.

போட்டி முடிந்ததும் அதே இளைஞர்கள் பட்டறைக்குத் திரும்பிவிட்டார்கள். அங்கே கல்லறுக்கும் மெஷினிலிருந்து புகைபோல எழும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலில் அது படிந்து வரும் சிலிகோசிஸ் நோய்க்குக் குணமில்லை. தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி வெகுவாக அடங்கும். நல்ல முகமூடியும் வேண்டும். பரிசுத் தொகையோடு இவற்றையும் தரலாமே என்று அமைப்பாளர்களிடம் சொன்னேன். யோசிக்கிறோம் என்றார்கள்.

மாமல்லபுரத்தை 2015-இல் உலகக் கைவினை மன்றம் கற்சிற்ப நகரமாக அறிவித்தது. 2017-இல் இங்குள்ள கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழிக் கடைகளில் வரிசையாக நிற்கும் சிறு சிலைகள் எதிலும் செதுக்கியவர் பெயரை நான் பார்த்ததில்லை. போட்டிக்கு வந்த சிலைகளின் அடியில் பெயர் இருந்தது. அடுத்த முறை மாமல்லபுரம் போனால், சின்னச் சிலை ஒன்று வாங்கினாலும், யார் செய்தது என்று கேளுங்கள். அந்தப் பெயரைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.