கடவுச்சீட்டும் ஆங்கில ஆசிரியரும்

புந்தோங்கில் என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி, ஆங்கிலத்தில் பட்டம் பெற்றவள், தென்கொரியத் தனியார் மொழி மையங்களில் ஆசிரியப் பணி கிடைக்குமா என வினவினாள். அங்கே ஈ-2 விசா பெரும்பாலும் அமெரிக்கா, பிரிட்டன், கனடா முதலிய 7 நாட்டுக் குடிமக்களுக்கே உரியது; அப்பட்டியலில் மலேசியா இல்லை. ஜப்பானிலோ ஆங்கிலவழியில் 12 ஆண்டுகள் பயின்றிருக்க வேண்டும். ஆறாண்டுகள் தமிழிலும், பின்னர் மலாயிலும் பயின்ற நம் பிள்ளைகள் என் செய்வர்? மும்மொழி அறிந்ததே குறையாகிவிடுகிறது. இஃது எவ்வகை நியாயமோ!

பல்கலைக்கழகங்கள் முதுகலைப் பட்டத்தையே முதலில் நோக்கும். மற்ற நாடுகளுக்கு முயல்வோர்க்குக் கேம்பிரிட்ஜின் செல்டா சான்றிதழ் துணைநிற்கும்: குறைந்தது 120 மணி நேரப் படிப்பு, அதில் 6 மணி நேரம் வகுப்பில் நேரடியாகக் கற்பித்தல். கட்டணந்தான் மலைக்க வைக்கிறது. மாலைவேளைகளில் தந்தையின் கச்சான் பூத்தே கடையில் நின்று, அதற்குப் பணம் சேர்த்து வருகிறாள்.