பெயர் தெரியாத காய்ச்சல்

ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கு என்ன வியாதி என்று டாக்டருக்கு மட்டும்தான் தெரியாது. பார்க்க வருகிற மற்ற எல்லோருக்கும் தெரியும்!

2018 தீபாவளி கழிந்து இரண்டாவது வாரம். காஞ்சிபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குத் துணையாக இருந்தேன். ஆறு நாளாக 103 டிகிரி காய்ச்சல். மலேரியா இல்லை, டைஃபாய்டு இல்லை, டெங்கு இல்லை. ஒவ்வொரு 'இல்லை'க்கும் ஒரு பில் உண்டு.

கேஸ் ஷீட்டில் 'பி.யூ.ஓ.' என்று எழுதியிருந்தது. ஏதோ பெரிய வியாதி என்று நடுங்கிப்போய் சிஸ்டரிடம் கேட்டேன். 'காரணம் தெரியாத காய்ச்சல்' என்பதன் சுருக்கமாம்!

பிள்ளையார்பாளையத்திலிருந்து வந்த பெரியம்மா, "கண்ணு பட்டிருக்குடா" என்றார். பிளேட்லெட் குறைந்திருக்கிறது என்று கேள்விப்பட்ட தறிக்காரர் ஒருவர் பப்பாளி இலைச் சாறோடு வந்தார். பக்கத்து பெட்காரரின் மச்சான் ரிப்போர்ட்டை வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "லிவர்தான்!" என்று தீர்ப்புச் சொன்னார்.

கடைசியாக வந்தவர் மட்டும் குரலைத் தாழ்த்தி, "எதுக்கும் காரப்பேட்டைல ஒரு வாட்டி காட்டிடுங்க" என்றார்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காரப்பேட்டை என்றால் அறிஞர் அண்ணா பெயரில் உள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரி. இதே ஊரில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா, 1968-ல் நியூயார்க் வரை போய் ஆபரேஷன் செய்துகொண்டும், 1969 பிப்ரவரி 3-ல் அந்த நோய்க்கே பலியானார். அம்மா அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

அப்பா குழித்தறிக்காரர். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் கோர்த்து நெய்ய, கூட ஓர் ஆள் உட்கார வேண்டும். ஸ்கூல் விட்டு வந்ததும் அந்த ஆள் நான்தான். இப்போது ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன்.

எட்டாம் நாள் ராத்திரி, ஜுர வேகத்தில் அப்பாவின் கை காற்றில் எதையோ தேடியது. "கரையைப் போடுடா... கரையைப் போடு..." என்று முனகினார்.

"போட்டுட்டேம்பா" என்றேன். கை ஓய்ந்தது. தூங்கிவிட்டார். எனக்குத்தான் விடிய விடியத் தூக்கமில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் மூச்சு வாங்கியது. ஆக்ஸிஜன் வைத்தார்கள். "மெட்ராஸ் கொண்டுபோக வேண்டியிருக்கும், ரெடியா இருங்க" என்றார்கள். ஆபீஸுக்கு போன் செய்து லீவை நீட்டித்தேன். "எத்தனை நாள்யா?" என்றார் மானேஜர். "வியாதி பேர் தெரிஞ்சதும் சொல்றேன் சார்."

அன்று ரவுண்ட்ஸுக்கு வந்தவர் வயதில் சின்னவரான ஒரு லேடி டாக்டர். ரிப்போர்ட் கட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அப்பாவின் அக்குளையும் காது மடலுக்குப் பின்னாலும் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு, "வேட்டியைக் கொஞ்சம் தளர்த்துங்க பெரியவரே" என்றார்.

அப்பா மூச்சு வாங்குகிற நிலையிலும் வேட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "பெத்த பொண்ணு மாதிரிப்பா, பார்க்கட்டும்" என்று நான் கெஞ்ச வேண்டியதாயிற்று.

அரைஞாண் கயிற்றுக்கு அடியில், சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுப்பாய் ஒரு பொருக்கு. வலியே கிடையாது. கயிறு உராய்ந்த புண் என்று அப்பா நினைத்திருக்கிறார்.

"புதர்ப்பக்கம் போனீங்களா?" என்றார் டாக்டர். வேகவதி ஆற்றங்கரையில் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனதை அப்பா ஒப்புக்கொண்டார்.

வியாதியின் பெயர் ஸ்க்ரப் டைஃபஸ். புதரில் இருக்கிற, கண்ணுக்குத் தெரிவதே கஷ்டமான ஒரு பூச்சியின் இளம்புழு கடித்தால் கிருமி உள்ளே போகும். பத்து நாள் கழித்துக்கூடக் காய்ச்சல் வரும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பாயும். இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடுகளில் சிப்பாய்களைச் சாய்த்த வியாதி. 1948-ல் மலாயாவில்தான் குளோராம்பெனிகால் இதைக் குணப்படுத்தும் என்று கண்டார்கள். அப்பாவுக்குக் கொடுத்தது டாக்ஸிசைக்ளின். அதிக விலை இல்லாத, எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கிற சாதாரண மருந்து! ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்காமலே ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கியது. மெட்ராஸ் பயணம் ரத்து.

(2023-ல் வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் முன்னின்று நடத்திய ஆராய்ச்சி வெளியானது. நோய் முற்றியவர்களுக்கு டாக்ஸிசைக்ளினோடு அஸித்ரோமைசினையும் ஊசி வழியாகச் சேர்த்துக் கொடுத்தால் பலன் அதிகமாம்.)

துணைக்கு இருக்கப்போகும் தம்பிகளுக்கு இரண்டு வார்த்தை. காய்ச்சல் என்றைக்கு ஆரம்பித்தது, அதற்கு முந்தைய மூன்று வாரம் எங்கே போனார், என்ன செய்தார் என்று ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள். உடம்பு துடைத்துவிடும்போது, கூச்சப்படாமல் முழுசாகப் பாருங்கள். புண் இருந்தால், வலிக்காவிட்டாலும் சொல்லுங்கள். எல்லா நோயாளிக்கும் அந்தக் கறுப்புப் பொருக்கு இருக்காது. ஆனால் இருந்தால் நாலு டெஸ்ட்டுக்குச் சமம்.

பாதியில் நின்ற சேலையை மார்கழிக்குள் அப்பா முடித்துவிட்டார். தழை ஒடிக்க இப்போது முழுக்கைச் சட்டை, பேன்ட், ஷூ சகிதம்தான் போகிறார். வந்ததும் சோப்புப் போட்டுக் குளியல். முதல் நாள் அந்தக் கோலத்தில் பார்த்த ஆடு, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது!