சாயத் தண்ணீருக்குத் தனி வழி

பட்டுச் சேலையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தறியில் தொடங்குவார்கள். தறிக்கு முந்தைய வேலையைப் பார்க்க காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறை ஒன்றுக்குப் போயிருந்தேன்.

அண்டாவில் சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீர். அதில் கச்சாப் பட்டு நூல் வெந்துகொண்டிருந்தது. கூடு கட்டும்போது புழு இழைமேல் பூசிய பசை இந்த வேக்காட்டில் கழன்றுவிடும். நூலின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு இங்கேயே போய்விடுகிறது. மொரமொரப்பான நூல் மினுங்கத் தொடங்குவது அதற்குப் பிறகுதான்.

அடுத்தது சாயம். கம்புகளில் மாட்டிய நூலை இரண்டு பேர் கரைசலில் முக்கிப் புரட்டிக்கொண்டே இருந்தார்கள். கை சற்று ஓய்ந்தாலும் நிறம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும்.

"அலசறதுலதான் சார் எங்க பேரே இருக்கு" என்றார் மூத்தவர். "உடம்பு மஞ்சள், கரை அரக்குன்னு வச்சுக்கோங்க. அரக்கு உடம்புல இறங்கிட்டா சேலையே போச்சு."

உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் கோர்வை நெசவில் இணைத்து நெய்வது காஞ்சிப் பட்டின் அடையாளம். அதனால்தான் தண்ணீர் தெளியும்வரை விடாமல் அலசுகிறார்கள். தண்ணீரின் தரமும் முக்கியம். கடின நீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து நூலில் படியும்.

அலசிய தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டேன். "காவாய்க்குத்தான்." ஊரின் கழிவை ஏற்கெனவே வேகவதி ஆறும் மஞ்சள்நீர்க் கால்வாயும் சுமக்கின்றன. பாதாளச் சாக்கடையில் விட்டாலும் முழுத் தீர்வு கிடைக்காது. வீட்டுக் கழிவை நுண்ணுயிர்கள் தின்றுவிடும்; சாயத்தின் நிறம் பெரும்பாலும் அவற்றிடமிருந்து தப்பிவிடும்.

இதே சாயக் கழிவால் நொய்யல் ஆற்றைக் கெடுத்ததற்காக 2011-ல் திருப்பூரின் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அங்கே பருத்திக்குச் சாயமேற்ற உப்பை அள்ளிக் கொட்ட வேண்டும். தண்ணீரில் கரைந்த உப்பைப் பிரிப்பதுதான் பெரிய செலவு. பட்டுக்குப் பயன்படும் அமிலச் சாயங்களுக்கு அவ்வளவு உப்பு தேவையில்லை. ஆகவே காஞ்சிபுரத்தின் சிக்கல் திருப்பூரினுடையதைவிட எளிது.

முதல் வேலை, தண்ணீரைப் பிரிப்பது. கடைசி அலசலின் தண்ணீரை அடுத்த நூலின் முதல் அலசலுக்கு எடுக்கலாம். பசைத் தண்ணீரை நுண்ணுயிர்களே சுத்தப்படுத்தும். மிச்சம் சாயத் தண்ணீர் மட்டும். அளவில் அது குறைவு.

"தனித்தனியா மிஷின் போட எங்களால முடியாது சார். எல்லாரும் சேர்ந்து போட்டா எங்க பங்கைக் குடுத்துடுவோம்" என்றார் அவர்.

2021-ல் மாநகராட்சியான ஊர் இது. சாக்கடைக் குழாய்களை மாற்றும்போது சாயப்பட்டறைகளுக்குத் தனிக் குழாயும், பொதுச் சுத்திகரிப்பு நிலையமும் திட்டத்திலேயே இடம்பெற வேண்டும். பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். சேலை விலையில் இந்தச் செலவு கொஞ்சம் கூடினால், வாங்கும் நாமும் முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும்.