ஓய்வு பெற்ற லேப்டாப்புக்கு இரண்டாவது உத்தியோகம்

தெற்கு தில்லியின் நேரு பிளேஸில் புது லேப்டாப்புகள் கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னால் விளக்கு வெளிச்சத்தில் இருக்கும். பழையவற்றைப் பார்க்க மாடி ஏற வேண்டும். குறுகலான அறைகளில் செங்கல் அடுக்கியது மாதிரி அடுக்கி வைத்திருப்பார்கள். பெரும்பாலும் கறுப்பு. மூடியில் ஏதோ ஒரு கம்பெனியின் சொத்து எண் ஒட்டியிருந்த இடத்தில் சுரண்டிய தழும்பு. அலுவலகங்களில் மூன்று நான்கு வருடம் உழைத்துவிட்டு, மொத்தமாகக் கழித்துக் கட்டப்பட்டவை.

இந்த அடுக்குகளுக்கு 2025இல் ஒரு புது அர்த்தம் வந்தது. 2015 ஜூலையில் வெளியான விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றன. பெயரைப் பதிவு செய்துகொண்ட வீட்டு உபயோகக்காரர்களுக்கு மேலும் ஓர் ஆண்டு சலுகை, அவ்வளவுதான். அதற்கு அடுத்த விண்டோஸ் 11, ஒரு சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களை ஏற்பதில்லை. ஆக 2016இல் வாங்கிய, ஒரு கீறல்கூட விழாத லேப்டாப் அதிகாரபூர்வமாகக் கிழமாகிவிட்டது. அதன் கீபோர்டுக்கோ திரைக்கோ இந்தச் செய்தி தெரியாது.

கிழக்கு தில்லியில் வசிக்கும் 52 வயது ஹிந்தி ஆசிரியை ஒருவருக்கு வீட்டு லேப்டாப்தான் இந்தச் செய்தியைச் சொன்னது. வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். மகளின் கல்லூரி வேலை, கணவரின் வருமான வரி, வங்கிக் கணக்கு, ரயில் டிக்கெட் எல்லாம் அதில். ஆசிரியையின் பங்காக ஒரு ஃபோல்டர். அதற்குள் 2004இலிருந்து அவர் தயாரித்த வினாத்தாள்கள், பாடக் குறிப்புகள், கபீர் பற்றியும் மகாதேவி வர்மா பற்றியும் எழுதி வைத்த பக்கங்கள். இருபது வருட உழைப்பு. அவருக்கென்று தனியாக ஒரு கம்ப்யூட்டர் எந்நாளும் இருந்ததில்லை. எல்லாரும் எழுந்து போன பிறகு கிடைக்கிற மணிநேரம்தான் அவருடையது.

புதிதாக வாங்கிவிடலாம் என்றார் கணவர். பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் இளம் சக ஆசிரியர் வேறு யோசனை சொன்னார். லினக்ஸ் போட்டுப் பாருங்கள் மேடம், ஆனால் வீட்டு லேப்டாப்பில் கை வைக்காதீர்கள், பழையதாக இன்னொன்று வாங்கி அதில் செய்யுங்கள் என்றார். கேட்பவருக்கு இது விசித்திரமாகத்தான் படும். கிழமாகிவிட்டது என்று ஒன்றை ஓரம் கட்டும் நேரத்தில், அதே வயதுள்ள இன்னொன்றைக் காசு கொடுத்து வாங்குவதா?

அந்த யோசனையில் நியாயம் இருந்தது. பழக்கமில்லாத ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பழக வேண்டுமென்றால் அதைக் கெடுத்துப் பார்க்கிற சுதந்திரம் வேண்டும். மறுநாள் காலை வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கம்ப்யூட்டரில் யாருக்கும் அந்தச் சுதந்திரம் வராது. ஒரு பட்டனை அமுக்குமுன் பத்துமுறை யோசிப்பார்கள். முதல் தடங்கலிலேயே பழையபடி விண்டோஸுக்கு ஓடிவிடுவார்கள். லினக்ஸ் சரிப்படவில்லை என்று சொல்கிற பலருக்கு, சரிப்படுத்திக்கொள்ள நேரமும் நிதானமும் கிடைக்காமல் போயிருக்கும்.

லினக்ஸின் கதையே ஒரு மாணவனின் சொந்த கம்ப்யூட்டரில்தான் தொடங்கியது. ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஜனவரியில் தவணை முறையில் ஒரு 386 கம்ப்யூட்டர் வாங்கினார். அந்த வருடம் ஆகஸ்ட் மாதமே, பொழுதுபோக்காக ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதிவருவதாக உலகத்துக்கு அறிவித்தார். இன்று ஆண்ட்ராய்டு செல்போன்களின் அடித்தளம் அதுதான். உலகின் மிக வேகமான 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் 2017 நவம்பரிலிருந்து எல்லாமே லினக்ஸ்தான். இந்தியாவிலும் அது அந்நியமல்ல. கேரளத்து அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் படிப்பது லினக்ஸில். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் என்ற லினக்ஸ் பல இந்திய மொழிகளில் இயங்குகிறது. வீட்டு மேஜைக்குத்தான் அது இன்னும் புது விருந்தாளி.

சரி, எவ்வளவு பழையது வாங்குவது? பழைய கம்ப்யூட்டர் எதுவானாலும் லினக்ஸ் ஓடும் என்பது பாதி உண்மை. 32-பிட் காலத்து கம்ப்யூட்டர்களை லினக்ஸ்காரர்களே கைகழுவி வருகிறார்கள். எதையும் எளிதில் கைவிடாத டெபியனே, 2025 ஆகஸ்டில் வந்த தன் 13ஆவது பதிப்பில் அவற்றுக்கான இன்ஸ்டாலரை நிறுத்திவிட்டது. மிகப் புதியதிலும் சங்கடம் உண்டு. அன்று வந்த வைஃபை சில்லுக்கும் கேமராவுக்கும் டிரைவர் எழுதி முடிக்கச் சில மாதங்கள் ஆகலாம். இரண்டுக்கும் நடுவில், ஆறிலிருந்து பத்து வயதுக்குள் இருப்பதுதான் உத்தமம். அதற்குள் உலகெங்கும் ஆயிரம் பேர் அதே மாடலில் முட்டி மோதி, எது ஓடும் எது ஓடாது என்று கண்டுபிடித்திருப்பார்கள்.

அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் கடைகளில் பளபளப்பாக விற்ற மாடல்களை விட்டுவிட்டு, அலுவலகங்களுக்கென்று தயாரானவற்றைத் தேடுகிறார்கள். டெல் லாட்டிட்யூட், எச்.பி. எலைட்புக், திங்க்பேட். இதில் திங்க்பேடுக்குத் தனி பக்தர் கூட்டமே உண்டு. 1992இல் ஐ.பி.எம். தொடங்கிய இந்த வரிசை 2005இல் லெனோவோவின் கைக்குப் போனது. கறுப்பு உடம்பும் கீபோர்டின் நடுவில் சிவப்புப் பொட்டும் இன்றும் மாறவில்லை. அலுவலக மாடல்களின் பெருமை அழகில் இல்லை. அடியில் உள்ள திருகுகளைக் கழற்றினால் ராமையும் டிஸ்க்கையும் மாற்றலாம். உதிரி பாகம் கிடைக்கும். மெலிதான லேப்டாப்புகள் பலவற்றில் ராமைப் போர்டிலேயே பற்ற வைத்துவிடுகிறார்கள். வாங்கிய அன்று உள்ளதுதான் அதன் ஆயுளுக்கும்.

ஆசிரியை நேரு பிளேஸுக்குப் போனது ஒரு சனிக்கிழமை. கைப்பையில் ஒரு பென் டிரைவ் இருந்தது. சக ஆசிரியர் அதில் லினக்ஸ் மின்ட்டை ஏற்றிக் கொடுத்திருந்தார். பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல உரைகல் கிடையாது. பென் டிரைவிலிருந்தே லினக்ஸைக் கிளப்பலாம். உள்ளே உள்ள டிஸ்க்கைத் தொடவே தொடாது. வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா விழிக்கிறதா, மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து எழுகிறதா என்று கடையிலேயே பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

முதலில் காட்டியது விலை மலிவு. ஆனால் பென் டிரைவிலிருந்து கிளப்ப முயன்றபோது பயாஸ் பாஸ்வேர்ட் கேட்டது. பழைய கம்பெனி பூட்டிவிட்டுச் சாவியோடு போய்விட்டது. “அதனால் ஒன்றுமில்லை மேடம், விண்டோஸ் ஓடுகிறதே” என்றார் கடைக்காரர். அலுவலக லேப்டாப்புகளில் இந்தப் பூட்டை உடைப்பது சுலபமல்ல. அதை ஒதுக்கினார். இரண்டாவதில் லினக்ஸ் அழகாகக் கிளம்பியது, வைஃபை மட்டும் இல்லை. சில பிராட்காம் சில்லுகளில் இந்தத் தொல்லை உண்டு. டிரைவர் இறக்க நெட் வேண்டும். நெட் வர டிரைவர் வேண்டும். அதையும் ஒதுக்கினார்.

மூன்றாவது ஒரு திங்க்பேட் டி470, 2017ஆம் வருட மாடல். இன்டெல் வைஃபை உடனே பிடித்தது. பேட்டரி இரண்டு: உள்ளே ஒன்று, வெளியே கழற்றி மாட்டக்கூடியது ஒன்று. சக ஆசிரியர் எழுதிக் கொடுத்திருந்த துண்டுச் சீட்டைப் பார்த்து ஒரு வரி டைப் செய்தார். புதிதாக இருந்தபோது பேட்டரி எவ்வளவு மின்சாரம் தாங்கியது, இப்போது எவ்வளவு தாங்குகிறது என்று இரண்டு எண்கள் வந்தன. வெளி பேட்டரி பாதிக்கும் கீழே. கடைக்காரர் திரையை எட்டிப் பார்த்தார். “மேடம், நீங்கள் கம்ப்யூட்டர் டீச்சரா?” “ஹிந்தி டீச்சர், பாய்சாப்.” விலையில் 1,500 ரூபாய் குறைந்தது. ஜிஎஸ்டி பில்லும், ஒரு மாத உத்தரவாதம் என்று எழுத்தில் ஒரு வரியும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வீட்டில் லினக்ஸை நிறுவ அரைமணிக்கும் குறைவாகவே ஆயிற்று. பழக அரை மாதம் ஆயிற்று. மெனு இடது மூலையில் இருந்தது ஆறுதல். பிரிண்டரைத் தானாகவே கண்டுகொண்டது ஆச்சரியம். முதல் வாரமே எதையோ அழித்து, திரை இருண்டு போனது. வீட்டு லேப்டாப்பாக இருந்திருந்தால் அன்று வீடு ரெண்டுபட்டிருக்கும். இங்கே பென் டிரைவைச் செருகி மறுபடி முதலிலிருந்து நிறுவினார். மூன்றாவது வாரம் மறுபடி கெட்டது. அப்போது உதவிக்கு யாரையும் கூப்பிடவில்லை.

உண்மையான சோதனை அந்த ஃபோல்டர்தான். பழைய வினாத்தாள்கள் எல்லாம் க்ருதி தேவ் என்ற எழுத்துருவில் இருந்தன. யூனிகோடு பரவுவதற்கு முன் வட இந்திய அச்சகங்களையும் அலுவலகங்களையும் ஆண்ட எழுத்துரு அது. அதில் ஹிந்தி ‘க’ என்று கண்ணுக்குத் தெரிவது, கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ஆங்கில ‘டி’. எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பை. பாமினி போன்ற எழுத்துருக்களோடு மல்லுக்கட்டிய தமிழர்களுக்கு இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை. செல்போனில் அந்தத் தாள்களைப் படிக்க முடியாது. கபீர் என்று தேடினால் கபீர் கிடைக்கமாட்டார்.

க்ருதி தேவ் ஃபைலைப் புது லேப்டாப்பில் பிரதி எடுத்து வைத்ததும் தாள்கள் லிப்ரே ஆபீஸில் சரியாகவே திறந்தன. ஆனால் அது பழைய சிறையைப் புது வீட்டுக்குக் கொண்டுவந்த மாதிரிதான். யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். அறுநூற்றுச் சொச்சம் ஃபைல்கள். ஒவ்வொன்றாகத் திறந்து நகலெடுத்து ஒட்டினால் ஓய்வு பெறும்வரை அதுவே வேலை. டெர்மினல் என்ற கறுப்பு ஜன்னலில் ஒரே கட்டளையில் மொத்த ஃபோல்டரையும் டெக்ஸ்டாக மாற்றலாம் என்று சக ஆசிரியர் காட்டினார். பிறகு எழுத்துகளை மாற்றும் சின்ன புரோகிராம் ஒன்றையும் எழுதித் தந்தார். ஓடவிட்ட முதல் இரவு கிடைத்தது பாதி ஹிந்தி, பாதி பிதற்றல். க்ருதி தேவில் குறில் இகரக் குறியை மெய்யெழுத்துக்கு முன்னால் அடிப்பார்கள். யூனிகோடில் பின்னால் வர வேண்டும். தாளில் அங்கங்கே இருந்த ஆங்கிலச் சொற்களையும் புரோகிராம் ஹிந்தி என்று நினைத்து உளறிக்கொட்டியிருந்தது. இந்தப் பிழைகளைக் கம்ப்யூட்டர் ஆசிரியரால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஹிந்தி ஆசிரியையால் முடிந்தது. எந்த எழுத்து எங்கே நகர வேண்டும் என்று அவர் பட்டியல் போட, இவர் புரோகிராமைத் திருத்தினார். சில வாரங்களில் அந்தப் பட்டியலை ஆசிரியையே நேராக புரோகிராமில் சேர்க்கத் தொடங்கினார்.

இதையெல்லாம் விண்டோஸிலும் செய்யலாமே என்று ஒருவர் கேட்கலாம். செய்யலாம். ஆனால் இருபது வருடமாக அவர் செய்யவில்லை. அவருடையதல்லாத கம்ப்யூட்டரில், எழுந்து போகச் சொல்லிவிடுவார்களோ என்ற அவசரத்தில், யாரும் புதிதாக எதையும் கற்றுக்கொள்வதில்லை.

லினக்ஸால் எல்லாம் நடக்கிறது என்று சொல்வதும் சரியல்ல. விண்டோஸுக்கென்றே எழுதிய சாஃப்ட்வேர் நம் ஊரில் ஏராளம். டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி டோக்கன்கள் சில முரண்டு பிடிக்கும். பள்ளியிலிருந்து வரும் சிக்கலான வேர்டு ஃபைல்களில் கட்டங்கள் இடம் மாறி நிற்கும். வீட்டு லேப்டாப் அதே மேஜையில்தான் இருக்கிறது. மகளின் படிப்பு முடியும்வரை அதற்கு மாற்று யோசிக்கப் போவதில்லை என்பது குடும்பத் தீர்மானம்.

யமுனைக்கு அக்கரையில் சீலம்பூர் இருக்கிறது. மின்னணுக் கழிவுகள் வந்து சேரும் இடமாகப் பெயர் பெற்ற பகுதி. செம்புக்கும் தங்கத் துளிக்கும் ஆசைப்பட்டு, போர்டுகளைச் சூடாக்கியும் அமிலத்தில் முக்கியும் பிரித்தெடுக்கும் கைகள் அங்கே உண்டு. ஒரு லேப்டாப்பின் வயதை அதன் ஆபரேட்டிங் சிஸ்டம் தீர்மானித்தால், நேரு பிளேஸ் மாடியிலிருந்து அதற்கு அடுத்த நிறுத்தம் அந்தப் பக்கம்தான். வேறு ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்றி அதை ஐந்து வருடம் தள்ளிப்போட்டால் அதுவும் ஒரு லாபம். ஆசிரியை அதை யோசித்து வாங்கவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது கெடுத்துப் பார்க்கத் தனக்கென்று ஒன்று.

வினாத்தாள்களை வருட வாரியாகச் சரிபார்த்து வருகிறார். இதுவரை 2013 முடிந்திருக்கிறது. கபீர் என்று தேடினால் கபீர் கிடைக்கிறார், பதினேழு இடங்களில்.